எடுத்தாச்சு என்று சொன்னவன்

2010 ஜூன் 14

ராணியின் பிறந்தநாள் விடுமுறை. மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

கிளேட்டன் கடையில் என் மனுஷனின் ஒபிஸ் கூட்டாளி நரசிம்மனைக் கண்டேன். முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஸ்ரீ எப்படி இருக்கார் சிஸ்டர்? கை பரவாயில்லையா?"

இவருடைய வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இல்லை. உள்ளங்கையில் தைத்த தழும்பு. அதைத்தான் 'பரவாயில்லையா' என்று கேட்கிறான். நான் பருப்புப் பையை எடுக்க, பக்கத்தில் நின்ற கடைக்காரி பிரியந்தினியிடம் திரும்பினான். "துப்பாக்கி கேப்ப எடுங்க எடுங்கன்னு நூறு தடவை சொன்னேன்மா. மறந்துட்டார், பாவம்."

பாவமாம்! வாங்க எடுத்த பருப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 15

நித்திரை இல்லை. எழுதினால் ஆறுமோ பார்ப்போம்.

ஏப்ரலில் இரண்டு பேரும் கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டுக்கு மான் வேட்டைக்குப் போனார்கள். இவர் துவக்கு லைசென்ஸ் எடுத்த புதிது. துவக்கு நரசிம்மனுடையது, பழைய காலத்து மாதிரி. நாங்கள் இடியன் என்போம், அவன் மஸில்லோடர் என்பான். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, நீளக் கோலால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கத்தில் சின்னச் செப்புத் தொப்பி ஒன்று, அதுதான் கேப். சுத்தியல் அதில் விழுந்தால் நெருப்புப் பொறி.

மான் கிடைக்கவில்லை. திரும்பும்போது குண்டை வெளியே எடுக்க வேண்டும். இடிகோலின் நுனியில் திருகாணி பூட்டி, குண்டுக்குள் திருகி இழுக்கிற வேலை. அதை நரசிம்மன் செய்யவில்லை. இவரிடம் கொடுத்தான். இவர் கோலின் முனையில் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருக்கிறார். கேப் கழற்றாமலே இருந்திருக்கிறது. வெடித்தது. கோல் கையைத் துளைத்துக்கொண்டு போனது.

"கேப் எடுத்தாச்சே எண்டு கேட்டனான் போலத்தான் கிடக்கு. எடுத்தாச்சு எண்டு அவன் சொன்ன மாதிரியும்…" ஆஸ்பத்திரியில் இவர் சொன்னது. இப்போது அதையும் சொல்வதில்லை. "நான் கேக்க மறந்திருப்பன், யோகா. விடும்."

பொலிஸ் நரசிம்மனின் கதையைத்தான் எழுதியது. லைசென்ஸ் போனது இவருக்கு. மல்கிரேவ் ஒபிஸில் இவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவன் அவன் என்பதால் வாயும் போய்விட்டது.

எனக்கு வாய் இருக்கு.

ஓகஸ்ட் 3

துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இவர் கதிரையில் இருந்து எழும்பியே விட்டார். "உமக்கென்ன விசரே? மானையோ சுடப் போறீர்?"

மானை இல்லை என்று மனதுக்குள் சொன்னேன்.

2011 பெப்ரவரி 20

சூட்டுத்திடலில் இன்று முதன்முதலாக இடியனைக் கையில் எடுத்தேன். பாரம். சொல்லித்தருகிறவள் ஹெலன், என் வயதுதான் இருக்கும், பேருந்து ஓட்டுகிறவள். கோலைத் தந்ததும் நான் உள்ளங்கையை முனையில் வைத்தேன். பட்டென்று தட்டிவிட்டாள்.

கோலை விரல்களால் பக்கவாட்டில் பிடிக்க வேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாக, குறுகிய பிடியாக. முகமும் உடம்பும் துவக்கின் வாய்க்கு நேரே வரவே கூடாது. கோலில் ஒரு கோடு கீறியிருக்க வேண்டும், உள்ளே மருந்து இருக்கா இல்லையா என்று அந்தக் கோடு சொல்லும். திருகாணி முனையைத் தொட முன் கேப்பை எடு, பிறகு மருந்தை நனை. அதைவிட நல்லது, காற்றடித்துக் குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிற சின்னக் கருவி. கோலே தேவையில்லை.

"அந்தக் கருவி விலை கூடவோ?" என்று கேட்டேன்.

இல்லையாம். வேட்டைக்காரர் அநேகம் பேர் பையிலேயே வைத்திருப்பார்களாம்.

காரில் இருந்து அழுதேன். கவலையில் இல்லை. பல்லைக் கடித்ததில் தாடை நோகிறது இப்பவும்.

பெப்ரவரி 22

ஹெலனுக்கு முழுக்கதையும் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னாள்: கையை அங்கே வைத்தது உன் மனுஷனின் அறியாமை. ஆனால் கேப் துவக்குக்காரனின் பொறுப்பு, புது ஆளிடம் கொடுக்க முன் அவன் தன் கையால் எடுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

அறியாமைக்குக் கை போனது. பொய்க்கு என்ன போகும்?

ஜூலை 9

நரசிம்மனும் இதே திடலில்தான் உறுப்பினன். தெரிந்துதான் சேர்ந்தேன். என்னைக் கண்டு சிரித்தான். "அட, நீங்களுமா சிஸ்டர்! சூப்பர்."

சிரி.

ஓகஸ்ட் 14

அவன் சுடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கோலின் முனையில் உள்ளங்கை. ஒவ்வொரு முறையும். ஹெலன் பார்த்தால் சரியாகப் பிடிக்கிறான், அவள் அங்கால போனதும் பழையபடி. நான் ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை.

ஏன் சொல்லவேணும்? ஒருநாள் வெடிக்கும். வெடிக்கட்டும். அன்றைக்கு நானும் அவன் மனுஷி நாகலட்சுமியிடம் கேட்பேன், கை பரவாயில்லையா என்று.

இதை எழுதிவிட்டு நல்லா நித்திரை கொள்வேன். அதுவும் எனக்குத் தெரிகிறது.

ஒக்ரோபர் 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தூறல். நான் ஐந்தாவது மேசை, அவன் ஆறாவது. விசையை இழுத்தான், வெடிக்கவில்லை. மருந்து நனைந்திருக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும், பொறுக்கவில்லை. புதுக் கேப் ஒன்றைப் போட்டான். பிறகு என்ன நினைத்தானோ, குண்டை இழுத்தே எடுப்போம் என்று கோலில் திருகாணியைப் பூட்டினான். துவக்கை நிமிர்த்தி நிறுத்தினான். கேப் அப்படியே இருக்கிறது. செம்பு மினுங்குகிறது. ஹெலன் அந்தத் தொங்கலில், மற்றக் கரையில் நிற்கிறாள். கண்டது நான் மட்டும்.

கோலை உள்ளே விட்டான். உள்ளங்கையைத் தூக்கினான்.

எத்தனை நாள் இதை நினைத்திருப்பேன். இதேதான். ஒரு முடியும் பிசகாமல் இதே. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும்.

நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன்தான்.

அவன் குனிந்தான். முகம் துவக்கின் வாய்க்கு மேலே. கை மட்டுமில்லை, முகம்—

"கையை எடடா நாயே!"

என் சத்தம்தான். திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கோலை விட்டுவிட்டுப் பின்னால் போய் மேசையில் முட்டினான். ஹெலன் ஓடி வந்தாள். துவக்கின் வாயை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, கேப்பைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து அவனுக்குக் காட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள்.

அவன் முகம் சாம்பல். என்னைப் பார்த்துத் தமிழில் உளறினான். "எடுத்துட்டேன்னு நெனச்சேன் சிஸ்டர்… சத்தியமா… அன்னைக்கும் இப்படித்தான் எடுத்துட்டேன்னு நெனச்சுத்தான் சொன்னேன்—"

நிறுத்திவிட்டான்.

"எண்டைக்கு?" என்று கேட்டேன்.

ஹெலனின் கையிலிருந்த கேப்பைப் பார்த்தான்.

"எண்டைக்கு நரசிம்மன்? ஆரிட்டச் சொன்னனீர்?"

ஒக்ரோபர் 11

வேலைக்குப் போகவில்லை. சத்தம் போட்டதற்கு என்னையே ஏசிக்கொண்டிருக்கிறேன். பிறகு, அவன் செத்திருந்தால் அந்த வாயால் உண்மை வந்திருக்காது என்று நினைக்கிறேன். பிறகு மறுபடியும் ஏசுகிறேன்.

மத்தியானம் நரசிம்மன் போன் அடித்தான். "வெளிய சொல்லாதீங்க சிஸ்டர். ஆபீஸ்ல தெரிஞ்சா அசிங்கம். நான் வேணும்னு பண்ணல. போலீஸ் கேட்டப்ப பயந்துட்டேன்."

"ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாரும். அவரின்ர முகத்தைப் பாத்துச் சொல்லும். பிறகு பொலிஸிலயும் சொல்லும். வராட்டி நான் ஒபிஸ் வாசல்ல நிண்டு சொல்லுவன்."

"ஸ்ரீ மன்னிச்சிடுவார். உங்களால முடியாதா?"

"முடியாது."

ஒக்ரோபர் 16

வந்தான். நாகலட்சுமியும் வந்தாள், கண் வீங்கி. தேத்தண்ணி கொடுக்கவில்லை நான். இருக்கச் சொல்லவும் இல்லை.

நின்றபடியே சொன்னான். "ஸ்ரீ, நீங்க கேட்டீங்க. எடுத்தாச்சுன்னு நான்தான் சொன்னேன். பார்க்காம சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்லிட்டேன்."

இவர் கோபப்படுவார், அடிக்கக்கூட எழும்புவார் என்று காத்திருந்தேன். அதைப் பார்க்கத்தானே இவ்வளவும். இவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் கேட்டனான்தானே?"

"ஓம். கேட்டனீங்கள்."

"எனக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சன், யோகா. என்ர தலையை நானே நம்பேல்ல." சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். கை போன அன்றுகூட அழாத மனுஷன்.

இவ்வளவு காலமும் இவர் பக்கத்தில்தான் படுத்தேன். இது எனக்குத் தெரியாது.

2012 மார்ச் 2

நரசிம்மன் பொலிஸில் புது வாக்குமூலம் கொடுத்து, வழக்கு முடிந்தது. அபராதம். லைசென்ஸ் பறிப்பு. துவக்குகளையும் எடுத்துவிட்டார்கள். திடலிலும் நீக்கிவிட்டார்கள். ஒபிஸில் ஒருத்தரும் அவனோடு சாப்பிட இருப்பதில்லையாம்.

நல்லாச் சாப்பிட்டேன் இன்று. கோழிக்கறி.

மார்ச் 30

நாகலட்சுமி போன் அடித்தாள். நான் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. எடுக்கவில்லை.

2013 ஜனவரி 19

மண்டபத்தில் பொங்கல் விழா. நல்ல கூட்டம். நரசிம்மன் பிந்தி வந்தான், தனியாக. மெலிந்துவிட்டான். சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடி நின்றான். அவனைக் கண்டதும் ஆட்கள் பக்கத்துக் கதிரைகளில் பைகளை வைத்தார்கள். நானும் வைத்தேன்.

இவர் எழும்பினார். என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டார். "இதில இரும்."

அவன் இருந்தான். கொஞ்ச நேரத்தில் இவருடைய சோடாப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து வைத்தான். இவர் "தேங்ஸ்" என்றார். இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டார்கள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே இருந்து இவருடைய முதுகைத்தான் பார்க்க முடிந்தது. நிமிர்ந்து இருந்தார்.

வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். வெலிங்டன் ரோட்டில் சிக்னலுக்கு நிற்க, கேட்டார்.

"கோவமே?"

"ஓம்."

"சரி" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டார்.