பின்சீட்டில் அப்பா

12 ஏப்ரல் 1958, சனி

காஜா பெராங்கில் பழைய கார் விற்கும் கடையொன்றில், எங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒரு கார் பார்த்தோம். "பின்னாடி உட்கார்ந்து பாருங்கப்பா, சௌகரியமா இருக்கான்னு," என்றேன். அப்பா பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு இருபது வருடம் கார் ஓட்டிய பழக்கம்.

உள்ளே நகர்ந்து இடம் விட்ட அம்மா, "யாருக்கு நிக்கிறீங்க? துரைதான் கப்பலேறிட்டாரே," என்றாள்.

அப்பா கூச்சத்தோடு ஏறினார். கடைக்காரர் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

"இங்க இருந்தா ரோட்டுக் குழியே தெரியலடா," என்றார் அப்பா.

இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவரைப் பின்னால் உட்காரவிடவில்லையா அந்த ஆள்? ஆத்திரமாக வருகிறது. உட்காரத் தோன்றியதே இல்லையா என்று அப்பாவிடமும் கேட்க வேண்டும்.

அந்தக் காரையே வாங்குகிறோம். திங்கட்கிழமை நான் லைசென்சுக்கு எழுதிப்போடுகிறேன். அப்பா பின்சீட்டிலேயே இருக்கட்டும்.