கைவிட்ட பழைய பாலிசி

அப்பா,

பீன்ஸ் சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது. உப்புப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

பத்து மணிக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் டுவேன் வருவார். அவரைத் திட்ட வேண்டாம். புதிய பாலிசி உறுதியாகும்வரை பழையதை விடாதீர்கள் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். நீங்கள்தான், "ஒரு ஆளுக்கு எதுக்குடி ரெண்டு குடை?" என்று சிரித்துக்கொண்டே அன்றைக்கே பழையதை ரத்து செய்தீர்கள். உங்கள் இதயத்தைக் காரணம் காட்டிப் புதிய கம்பெனி மறுத்துவிட்டது.

பழைய கம்பெனியிடம் நேற்றும் பேசினேன். "அந்தத் திட்டத்த மூடி வருஷக்கணக்காச்சும்மா. வெளிய போனவங்கள திரும்பச் சேர்க்க முடியாது" என்றார் அங்கிருந்த பெண். எனக்கு வாதாட வரவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இதய வால்வு ஆபரேஷனுக்கு அரசாங்கத்தின் மெடிகேர் காப்பீடு கொடுத்தது போக மிச்சமெல்லாம் இனி நம் தலையில்தான்.

நேற்று உங்களிடம் கத்தியதற்கு மன்னியுங்கள்.

மார்லா

பி.கு.: பக்கக் கதவைப் பூட்டவில்லை. டுவேன் அந்த வழியாக வரட்டும், நீங்கள் படி இறங்க வேண்டாம்.

இன்னொன்று. காலண்டரில் ஆபரேஷன் தேதியைப் பென்சிலால் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள், பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யாதீர்கள். நான் வந்தாலும் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆனாலும் இதையாவது நான் வருமுன் ரத்து செய்யாதீர்கள்.