நீ விடுப்பே எடுக்காத வருடம்

ஜிம்முக்குப் புது ரப்பர் பாய்கள் வந்திறங்கியிருக்கின்றன. பிரித்ததும் அந்த வாடை அறை முழுக்க ஏறிவிட்டது. உனக்குப் பிடித்த வாடை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் புனே கல்லூரியில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உடல்வலுப் பயிற்சி கொடுக்க நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் மதுரையிலிருந்து வந்தவள். நீ இதே ஊரில் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள், உன் தமிழில் பாதி இந்தி. பிள்ளைகளிடம் இந்தியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொல்வாய்: "மசில் வளர்றது தூக்கறப்போ இல்லடி, தூங்கறப்போ."

தலைமைப் பயிற்சியாளர் ஆன அன்று பேடா வாங்கி வந்தாய். அதோடு ஹாக்கி, கபடி, தடகளம் என்று எல்லா அணிகளும் உன் தலையில் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே சாகணில் ஒரு தொழிற்சாலை ஊழியர்களுக்கு வகுப்பு வேறு. ஒரு மதியம் சுருண்டு கிடந்த உன்னை எழுப்பி, "ஒரு வாரம் லீவு போடேண்டி" என்றேன்.

"அரே, மேட்ச் முடியட்டும், பக்கா போடறேன்" என்று முகம் கழுவப் போனாய்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றாய். வேர்த்ததும் காய்ச்சல் விட்டதென்று இருவருமே நினைத்தோம். பிறகு மயங்கி விழுந்தாய். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

உன் ஷூவை எடுத்துப்போக உன் அம்மா வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க அவ எங்கம்மா உக்காருவா?" என்று கேட்டார். ஷூவைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அழுகை வரவில்லை.

உன் பதவியைக் கல்லூரி முதல்வர் எனக்குக் கொடுத்தார். இன்னொருவரை வேலைக்கு எடுக்க வேண்டும், ஞாயிறு ஜிம் மூட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். இழுத்தடித்துத்தான் சம்மதித்தார். இதைக் கேட்க உனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசிக்கிறேன். கோபம்கூட வரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவள் ஒரு மராத்திப் பெண். போன வாரம் உடம்பெல்லாம் வலி என்று சுவரைப் பிடித்து நின்றாள். நெற்றி கொதித்தது. கையைப் பிடித்து இழுத்துப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றினேன்.

"சாரி மேடம், பிராக்டிஸ்..." என்றாள்.

எதற்குச் சாரி என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நேராக டாக்டரிடம் போகச் சொன்னேன். ரிக்‌ஷா போன பிறகும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நீ போன பிறகு எனக்குள் அசைந்தது அது ஒன்றுதான். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நடுக்கம். அது நின்றுவிட வேண்டாம் என்றிருக்கிறது.