மூன்றாவது பெட்டியை நான்தான் நகர்த்தினேன்

என் கண்ணே கௌரி,

நீ போய் நாற்பது நாளாகிறது. சம்பா முற்றிவிட்டது. அறுப்பு மெஷின் இறங்குமுன் உன் பெட்டிகளை எடுத்துவிட வேண்டும் என்று, உன்னோடு ஆராய்ச்சி செய்த நஸ்ரீன் போன வாரம் வந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் நம் கழனியில் பதினைந்து பெட்டிகள் வைத்தாய். பன்னிரண்டு பெட்டிகள் மண்ணின் ஈரத்தை ரேடியோவில் சொல்லும்; தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவற்றுக்கே தெரியாது. வரப்பு மூலைகளில் நீ அளந்து வைத்த, இடம் தெரிந்த மற்ற மூன்றின் சிக்னல் அவற்றுக்கு எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதை வைத்துத் தூரத்தையும், தூரத்தை வைத்து இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். "மூணு புள்ளி, மூணு காம்பஸ் வட்டம், வெட்டிக்கிற இடம்தாம்பா. நீங்க ஒன்பதாம் கிளாசுக்கு நடத்துனதுதான்" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமை!

ஐப்பசி மழைக்குப் பிறகு எல்லாம் தவறாக வந்தது. நடுக்கழனிப் பெட்டியை உன் கம்ப்யூட்டர் பக்கத்துக் கழனி முனுசாமியின் கிணற்றில் காட்டியது. அவர் விடுவாரா?

"இன்னா பாப்பா, உன் பொட்டி எங்கெணத்துல நீச்சல் கத்துக்கினு கீதாமே? மீனு மாட்டுனா எனக்கும் பங்கு குடும்மா!"

சிரித்தாய். கணக்கை முதலிலிருந்து போட்டாய். அதே வாரம் காய்ச்சல் வந்தது. கழனியில் இறங்கிப் பார்க்க முடியவில்லை. படுத்துக்கொண்டே மறுபடி போட்டாய். ஆஸ்பத்திரியில்கூட, "எங்கயோ தப்பு பண்ணிட்டேம்பா, தெரிய மாட்டேங்குது" என்றாய். உடம்பு தேறட்டும், சேர்ந்து பார்க்கலாம் என்றேன்.

நஸ்ரீன் வடகிழக்கு வரப்பு மூலையில் நின்று தேடினாள்.

"அங்கிள், மூணாவது பெட்டி இங்கதானே இருக்கணும்?"

"அது மோட்டார் கொட்டகைமேல இருக்கும்மா. வரப்பு உடைஞ்சா அடிச்சுக்கினு போயிடுமேன்னு அந்த மழையில நான்தான் தூக்கி வச்சேன்."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். லேப்டாப்பைத் திறந்து, உன் கணக்கில் அந்த ஒரு பெட்டியின் இடத்தை மட்டும் கொட்டகைக்கு மாற்றினாள். பன்னிரண்டு புள்ளிகளும் நீ வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன.

"கௌரி போட்ட கணக்கு சரிதான் அங்கிள்" என்றாள்.

பெட்டி நனையக் கூடாது என்றுதான் நினைத்தேனம்மா. நகரக் கூடாது என்று தோன்றவில்லை. முப்பது வருஷம் கணக்கு நடத்தியவன் நான். காம்பஸ் முள்ளைப் பிடுங்கி வேறிடத்தில் குத்தினால் வட்டம் எங்கே போகும் என்று தெரியாதா? உன்னையே அத்தனை சந்தேகப்பட்டாயே, என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நானாவது ஏன் சொல்லவில்லை?

உன் முறை சரிவரவில்லை என்றே உன் பேராசிரியர் குறித்து வைத்திருக்கிறாராம். திங்கட்கிழமை நஸ்ரீனோடு காலேஜுக்குப் போகிறேன். தவறு அந்தப் பெண்ணுடையது அல்ல, அவளைப் பெற்றவனுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவர் அந்த வரியை அடித்து நீக்கும்வரை எழுந்து வரமாட்டேன், கௌரி.

உன் கணக்கைக் கலைத்த,
உன் அப்பா