பயணம் சொல்ல வந்தவள் சொல்லாதது

மெஷினிலிருந்து இறங்கும் தாளின் சூட்டு வாசனை எனக்கு இப்போது பழகிவிட்டது. சாய்ந்தமருதில் ஒரு போட்டோப் பிரதிக் கடையில் வேலை செய்கிறேன், தெரியுமா உனக்கு? இன்று காலை ஒரு பெண் உம்றாப் பயணத்துக்காகப் பாஸ்போட்டைப் பிரதி எடுக்க வந்தார். முன்பின் பார்த்திராத முகம். சூடான தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, பயணம் போறன். ஏதும் பிழை இருந்தா பொறுத்துக்கங்க" என்றார்.

"பொறுத்தன்" என்று சொன்னால் முடிந்தது. மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் எல்லோரிடமும் கேட்பதுதானே, எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! என் வாய் திறக்கவேயில்லை. அந்த மனுஷி பயந்துபோய், "நான் என்னவும் செஞ்சிட்டனா?" என்று கேட்டார். "இல்ல ராத்தா, நீங்க ஒண்டும் செய்யல்ல. அல்லாட காவல்ல போய் வாங்க" என்று அனுப்பிவிட்டு, தலையிடி என்று முதலாளியிடம் பொய் சொல்லி மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் உன்னால்தான்.

மின்சாமான் கம்பனியின் கல்முனைக் கிளையில் நானும் நீயும் ஒரே நாளில் சேர்ந்தோம். நீ மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வருவாய். வந்ததும் வராததுமாய் என் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்ப்பாய். மீன் பொரியல் இருந்தால் பகல் வரைக்கும் அது தங்காது. பின்னாலுள்ள களஞ்சிய அறையில், குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்து இருவரும் மதிய நேர ழுகர் தொழுவோம். பிறகு நீ முகாமையாளரானாய். மற்ற ஆறு பேரும் உன்னை மெடம் என்றார்கள். நானும் பகிடிக்கு ஒருநாள் அப்படிக் கூப்பிட்டேன். "இன்னொருக்கா சொன்னா வாயில அடிப்பன் புள்ள" என்றாய். இருபது வருடம் அப்படித்தான் இருந்தோம்.

கொழும்புத் தலைமை அலுவலகம் ஆட்களைக் குறைக்கப் போகிறது என்ற கதை அடிபட்டபோது உன்னிடம்தான் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பேன்? "நம்மட கிளையில ஒரு ஆள நிப்பாட்டச் சொல்லுவாங்க போல. ஆரெண்டு அவங்கதான் முடிவெடுப்பாங்க. நீ ஏன் பயப்புடுற?" என்றாய். நான் பயப்படவில்லை. அதைவிட மோசம், உனக்கு ஆறுதல் சொன்னேன். "கவலப்படாத கா, உன்ட கையில ஒண்டும் இல்லயே" என்று. என்னைப் போலப் பேதை இந்தக் கரையோரத்தில் வேறு இருக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உன் புருஷனோடு என் வீட்டுக்குப் பயணம் சொல்ல வந்தாய். நீ மக்காவுக்குப் போகிறாய் என்று எனக்குத்தான் பெரிய சந்தோஷம். தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். நீ பாதியும் குடிக்கவில்லை. எழும்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். "புள்ள, தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஒனக்குச் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாய்.

"பொறுத்தன், பொறுத்தன். அப்பிடி என்ன பெரிய பிழ? என்ட மீன் பொரியலத் திண்டதா?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

"பகிடி உடாத. வாயால ஒழுங்காச் சொல்லு" என்றாய்.

ஒழுங்காகச் சொன்னேன். "அல்லாவுக்காக எல்லாத்தையும் பொறுத்தன்" என்று உன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். மக்காவை நினைத்து அழுகிறாய் என்று நம்பி, உன் கண்ணை என் முந்தானையால் துடைத்தும் விட்டேன்.

அடுத்த புதன்கிழமை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நீ மக்காவில் இருந்தாய். உன் கதிரையில் அவர் இருந்தார். மரியாதையான மனிதர்தான். குளிராக இருந்தால் ஏசியைக் குறைக்கட்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "இது தனிப்பட்ட விசயம் இல்ல. புள்ளி அடிப்படையில எடுத்த முடிவு. பாத்ததுக்கு ஒரு கையெழுத்து வைங்க" என்றார். ஏழு பேரின் பெயர், பெயருக்கு நேரே புள்ளிகள். கடைசிப் பெயர் என்னுடையது. வேலையில் எனக்கு நல்ல புள்ளிதான் போட்டிருந்தாய், சும்மா சொல்லக்கூடாது. என்னைக் கீழே தள்ளியது லீவு.

அந்த லீவு எதற்கென்று உனக்குத் தெரியாதா? உன் உம்மா பாரிசவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவை. கந்தோரில் கணக்காய்வு நடந்துகொண்டிருந்தது. உனக்குக் கூடப்பிறந்த பெண்ணும் இல்லை. "நீ கந்தோரப் பாரு, உம்மாவ நான் பாத்துக்கிறன்" என்று சொன்னது நான். உடுப்பு மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன். அந்த மனுஷி உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் ஓம் உம்மா என்றேன். அந்த நாட்களை எண்ணி எழுதி, புள்ளியைக் குறைத்து, கீழே கையொப்பம் வைத்திருந்தாய். பக்கத்தில் திகதியும் இருந்தது. வெள்ளிக்கிழமை. அதற்கு மறுநாள்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறாய்.

லீவு ஏன் எடுத்தேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. உன் உம்மாவின் நோயை அந்த மேசையில் வைத்துப் பேரம் பேச மனம் வரவில்லை. என்னிடமிருந்த கதவுத் திறப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்தால், ஆறு பேரும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

நீ திரும்பி வந்து மக்காவின் புனித நீரான ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் அனுப்பினாய். ஸம்ஸத்தைத் திருப்பக் கூடாதென்று வைத்துக்கொண்டேன், பழத்தைத் திருப்பி அனுப்பினேன். எத்தனையோ முறை கோல் எடுத்தாய், நான் எடுக்கவில்லை. ஒருநாள் கேற்றடியில் நின்று "புள்ள, புள்ள" என்று கூப்பிட்டாய். உம்மா படுத்திருக்கிறா என்று சொல்லும்படி என் மகளை அனுப்பினேன். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, நீ போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வந்தாய்? நான் கதவைத் திறக்காவிட்டால் என்ன, கேற்றடியில் நின்றே கத்தியிருக்கலாமே! எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு நாலு மாதம்கூட நீ இருக்கவில்லை. நெஞ்சு நோவு என்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்து என்றார்கள். செருப்புப் போடவும் மறந்து ஓடி வந்தேன். உன்னைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திய பிறகு உன் மகள் பெண்களைப் பார்த்து, "எங்கட உம்மா ஆருக்கும் பிழ செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க" என்றாள். வீடு முழுக்க "பொறுத்தம், பொறுத்தம்" என்றது. அவள் நேரே என்னிடம் வந்தாள். "சாச்சி, நீங்க?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவள் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பொறுத்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள், பாவம்.

மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொறுத்தால்தான் அல்லாஹ்வும் பொறுப்பான் என்று நம் இருவருக்கும் ஓதித் தந்திருக்கிறார்கள். அதனால்தானே அன்று வாயால் ஒழுங்காகச் சொல்ல வைத்தாய்? எதற்கென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாயே, அது செல்லுமா என்று நீயும் யோசித்திருப்பாய். அதற்குத்தான் கேற்றடிக்கு வந்தாயோ என்னவோ.

வேலை போனதை என்றைக்கோ பொறுத்துவிட்டேன். ஏழு பேரில் ஒருவர் போகத்தானே வேண்டும்? அன்று என் வீட்டில் இருந்து, "புள்ள, உன்ட பேரத்தான் எழுதினன், எனக்கு வேற வழி தெரியல்ல" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கத்தியிருப்பேன், தேத்தண்ணிக் கோப்பையை எறிந்திருப்பேன், நாலு நாள் கதைக்காமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் நானே உனக்குக் கோல் எடுத்திருப்பேன். இருபது வருடம் கூட இருந்தும் என்னைப் பற்றி இதுகூடவா உனக்குத் தெரியவில்லை?

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உன் கப்றுக்குழியை விசாலமாக்கச் சொல்லித் துஆக் கேட்கிறேன். அழுதுதான் கேட்கிறேன். "பொறுத்தன்" என்ற அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வருவதில்லை. உனக்கு அது வேண்டுமென்று எனக்குத் தெரியும். எனக்கும் அதைத் தந்துவிட வேண்டும். அன்று நீ இன்னதுக்கென்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிக் கேட்டிருந்தால் ஐந்தாம் நாளே தந்திருப்பேன், புள்ள.