அண்ணன் அணைத்த மெழுகுதிரி

என் பிரியமான அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன்.

உங்கள் வார்டன் தொப்பி இப்போது அண்ணன் தலையில். காதுவரை இறங்குகிறது. யுத்தம் நடப்பதால் குண்டு விமானங்களுக்கு மயிலாப்பூர் தெரியக்கூடாது என்று, பொழுது சாய்ந்ததும் வீடுவீடாகப் போய் வெளிச்சத்தை மறைக்கச் சொல்கிறான். நீங்கள் சொன்னால் உடனே மறைத்தவர்கள், அவன் சொன்னால் சிரிக்கிறார்கள். "இன்னா வார்டன் நைனா, மீசை எப்ப வரும்?" என்று ஜட்கா வண்டிக்காரர் கேட்டார். அண்ணனும் சிரித்துவிட்டுத்தான் வந்தான்.

மூலைத் துணிக்கடை மாமா மட்டும் சிரிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து கடை வைத்திருப்பவர். பண்டிகை வியாபாரமே விளக்கு வைத்த பிறகுதான் என்று அவருக்குக் கவலை.

நீங்கள் இறந்துபோன வருஷமாயிற்றே, கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தானே பலகாரம் கொடுக்க வேண்டும்? மாமா வீட்டிலிருந்தும் தாம்பாளம் நிறைய முறுக்கும் அதிரசமும் வந்தன. அடியில் ஒரு பட்டுத் துணி. என் பாவாடைக்குச் சரியாக இருக்கும். கிளிப்பச்சை.

துணியே கிடைக்காத காலம், அப்பா. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான், செபமாலை முடிந்ததும் நீங்கள் சொல்லும் சாமுவேல் தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தார். வயதான காலத்தில் ஜனங்களை நிறுத்தி, யாருடைய மாட்டையாவது பறித்தேனா, கைக்கூலி வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேனா என்று கேட்டாரே. ஆனால் அவர் பிள்ளைகள் கைக்கூலி வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். தகப்பன் நேர்மை பிள்ளைக்குத் தானாக வந்துவிடுமா? பயத்தோடு அண்ணனைப் பார்த்தேன். அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே பட்டுத் துணியை மடித்து எடுத்தான்.

நானும் கூடவே ஓடினேன். கடையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பலகாரம் துக்க வீட்டுக்கு வந்துச்சு மாமா, சாப்ட்டோம். இது வார்டனுக்கு வந்துது. இத்த நீங்களே வெச்சுக்குங்க. வெளக்க அணைங்க" என்றான்.

துணி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாமாவின் முகம் சிறுத்துவிட்டது. தெருவை எட்டிப் பார்த்து நம் ஜன்னலைக் காட்டினார்.

"ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுதீயளே தம்பி, உங்க வீட்டுல எரியுதது என்ன?"

உங்கள் படத்துக்கு முன் இருக்கும் மெழுகுதிரி, அப்பா. உங்களை அடக்கம் செய்த அன்றிலிருந்து அம்மா ஏற்றாத சாயங்காலம் இல்லை. ஜன்னலில் ஒட்டிய கறுப்புத்தாள் கிழிந்திருந்தது. எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லையோ என்னவோ.

அண்ணன் பட்டுத் துணியைக் கல்லாப்பெட்டிமேல் வைத்தான். தெருவே பார்க்க வீட்டுக்கு வந்தான். "மொதல்ல நம்ம வெளக்கும்மா" என்றான். அம்மா உங்கள் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கப்பா இருட்டுக்குப் பயப்படுறவரில்ல. அணைடா."

அணைத்தான். வெளியே வந்தால் துணிக்கடை இருண்டிருந்தது. மாமா கதவுப் பலகைகளைப் பொருத்தும் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டிலிருந்து ஜட்காக்காரர், "பள்ளம் கீது வார்டன், பாத்துப் போங்க" என்றார். மீசையைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அப்பா.

இனி செபமாலைக்குப் பிறகு சாமுவேல் கதையை நான் சொல்வேன். மனப்பாடம்தான், வெளிச்சம் வேண்டியதில்லை. அண்ணன் எதற்காவது கண்ணை மூடிக்கொண்டால் முதலில் கேட்பவளும் நானே. இது சத்தியம்.

வாசலில் அவன் குரல் கேட்கிறது. இன்றும் நம் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறான். இதோ, விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் மகளும் வார்டனின் தங்கையுமான,
ரோஸி