மூன்றாம் ஓலையில் சொன்ன தடை

அன்புள்ள மகன் சகாய பிரவீனுக்கு, அம்மா லூர்து மேரி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் ஊரே வெந்தாலும் தன்மேல் புகை படாமல் ஒதுங்கிக்கொள்கிற ஆள் நீ, அதனால் கேட்கவில்லை. திராட்சை இந்த முறை மழையில் வெடித்துப்போயிற்று, அப்பா ஓடைப்பட்டியில் விசாரித்துப் புது மருந்து வாங்கி அடித்தும் பிரயோசனமில்லை. அவர் என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. காரணத்தைப் போனில் உன்னிடம் சொல்லியிருப்பார், பாதியை விழுங்கியிருப்பார், அதனால் முழுவதையும் நான் எழுதுகிறேன்.

உனக்கும் ஜெசிந்தாவுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்பது உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு ஞாயிறு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஞாயிறு எழுந்து நின்று எனக்குத் தடை தெரியும் என்றேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கோழிக்கறியை மென்றுகொண்டே நீ சொன்னதை அப்படியே சொன்னேன். நீ வேலைக்குப் போன நாட்டைப் பட்டாளம் ஆண்ட காலத்தில், நீ நர்சாக இருந்த ஆஸ்பத்திரிக்கு அடித்துக் கொண்டுவந்து போட்ட பிள்ளைகள் செத்தபோது, ரிஜிஸ்டரில் காய்ச்சல் என்று எழுதியது உன் கை. மகன் போட்டோவோடு கேட்டில் நின்ற தாயிடம், அவனை முந்தின நாள்தான் புதைத்திருக்க, அப்படி யாரும் இங்கே வரவில்லை என்றது உன் வாய். மறுநாளும் வந்தவள் உனக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள் என்று சொல்லிச் சிரித்தாய். அதைக் கேட்ட பிறகும் உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

பூசை முடிந்து சாமியார் என்னைக் கூப்பிட்டு, பக்கத்துச் சொந்தமாக இருக்க வேண்டும், இல்லை ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அதுதான் தடை, இது தடையில் சேராது என்றார். பெண்ணின் அப்பா ஞானதுரை அதற்கும் ஒரு படி மேல். சம்பளம் குடுக்குறவுக சொன்னாக, மாப்ள எழுதுனாக, இதுல என்னம்மா தப்பு இருக்கு, கல்யாணத்த முடிச்சுருவோம் என்கிறார். ஆகவே நீ சந்தோஷப்படலாம், ஊரில் உனக்கு ஒரு தடையும் இல்லை.

அங்கே ஓட்டுப் போட்டு ஆட்சி மாறிவிட்டது. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்து சொல்லும்படி உனக்கும் நோட்டீஸ் வந்தது. நீ போகாமல் கிறிஸ்துமஸைச் சாக்காக வைத்து ஊருக்கு டிக்கெட் போட்டு வந்தாய். பழைய ஆபீசர்கள்ல பாதிப்பேரு இன்னும் பதவியிலதான் இருக்காக, வாயத் திறந்தா என்னைய விட்டுவைக்க மாட்டாகம்மா என்றாய். அது பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தாய்க்கு மகன் செத்தானா இருக்கிறானா என்பதுகூட இன்னும் தெரியாது, எனக்காவது உன் விலாசம் தெரிகிறது.

லீவு முடிந்து அங்கே திரும்பியபோது, வீட்டில் விட்டுப்போன உன் பெட்டியில் அந்த நோட்டீஸைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தாய். அதிலிருந்த விலாசத்துக்கு உன் பெயர், நீ வேலை பார்த்த வார்டு, நீ சொன்னது எல்லாவற்றையும் எழுதி, சின்னமனூர் தபாலாபீசில் பதிவுத் தபாலாகப் போட்டுவிட்டு வந்துதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இனி நீயாகப் போய்ச் சொன்னால் சாட்சி, அவர்கள் வந்து பிடித்தால் குற்றவாளி. போகிற அன்று காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ, நெடுநேரம் உட்காரவைப்பார்கள். மாதா உனக்காகப் பரிந்து பேசட்டும், எனக்கு அது முடியவில்லை. மாதக் கடைசியை மறக்காதே.

கமிஷனுக்கு இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியாது. ஜெசிந்தா தனியாக வீட்டுக்கு வந்தாள், நீயே உன் வாயால் சொன்னாயா என்று இரண்டு தடவை கேட்டாள், பிறகு அவள்தான் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
லூர்து மேரி